ஜனவரி இருபத்தொன்று, காலை பத்து மணி

ஜனவரி 27

அன்புக் குன்னேய்,

இன்று காலை அடுப்பு நெருப்புக்கு உன் பெயரைச் சொல்லி ஒரு கரண்டி வெண்ணெய் ஊட்டினேன். சடசடவென்று நன்றாக எரிந்தது. அதனால் நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். உன் பாட்டி வர்வாராவும் நலம், இடது முழங்காலைத் தவிர.

ஹெலிகாப்டர் நாளை மறுநாள் கிளம்புகிறதாம். அதை விட்டால் அடுத்தது பிப்ரவரி பாதியில்தான். ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் உன் வானிலை நிலையத்துக்கு எண்களும் தபால்தலை அளவுப் படங்களும் எந்நேரமும் பறந்து வருகின்றன. பாட்டியும் பேத்தியும் பேசுவதற்கு மட்டும் மாதத்தில் இரண்டு நிமிடம். சாப்பிட்டாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால்தான் தாளும் பேனாவும். பொட்டலத்தில் உறைந்த பால் வட்டுகள் எட்டும் குதிரைமயிர்க் காலுறை ஒரு ஜோடியும் இருக்கின்றன. பாலை உருக்கி, உன்னோடு அங்கே வேலை செய்யும் மற்ற மூவருக்கும் கொடு. அந்தத் தெற்கத்திக்காரர் வட்டை அப்படியே நக்கி நாக்கு ஒட்டிக்கொண்டது என்று போன தடவை எழுதியிருந்தாயே, சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

மாவட்டப் பத்திரிகையில் இருந்து வெட்டிய துண்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கம்தான், ஆனாலும் பாதிப் பக்கம். கரையில் படகு கட்டும் பழைய முளைக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படம். கை அக்குளுக்குள் இருக்கிறது. பேன் தேடுகிறேன் என்று நினைத்துவிடாதே, கைபேசிக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்தால் பத்து எண்ணுவதற்குள் செத்துவிடும். அதற்குள் வானிலை அலுவலகத்துக்காக வானத்தை ஒன்று, ஆற்றை ஒன்று எடுத்தாக வேண்டும். டிசம்பரில் வந்துபோன அந்தப் பத்திரிகைப் பெண் நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் போட்டிருக்கிறாள். "கடுங்குளிர் நாள்லதான் ஆறு நம்மள ஏமாத்தும். ஆழம் இல்லாத இடத்துல பனிப்பாளம் அடி வரைக்கும் உறைஞ்சு போயிடும். ஓட வழியில்லாத தண்ணி வெடிப்பு வழியா மேல ஏறி, வெண்பனிக்கு அடியில பதுங்கிக்கும். மேல பாத்தா வெள்ளை. ஓரத்துல சாம்பல் நிறத்துல ஒரு கறை மட்டும் இருக்கும். அந்தக் கறையைப் பாக்கத்தான் நான் தினமும் போறேன்." இப்படிப் போட்டுவிட்டு, சொன்னவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்றும் போட்டிருக்கிறாள். அது வேண்டாமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, இருக்கட்டும், படித்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி மற்றதைச் சொல்கிறேன். அலுவலக வழியாக உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஊர்க்காரி சொல்வது வேறு.

21ஆம் தேதி யெகோரின் லாரி ஊற்று வளைவில் இறங்கிவிட்டது. ஆறு வீட்டு மாடுகளுக்குக் காய்ந்த புல் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இருந்து, உறைந்த ஆற்றின் மேல் போட்ட பனிச்சாலையில் வந்தான். ஒன்பது கிலோமீட்டரும் தாண்டி, நம் கரைக்கு இருநூறு அடி இருக்கும்போது மேல்பாளம் உடைந்தது. அடியில் இன்னொரு பாளம் இருந்ததால் உயிர் தப்பியது. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீர். யெகோர் கம்பளிக் காலணியோடு அதில் குதித்து நடந்து வந்தான். அன்று ஐம்பத்தெட்டு டிகிரி உறைகுளிர். என் வீட்டுக் கதவைத்தான் தட்டினான். காலணி மரக்கட்டையாக இருந்தது. ரொட்டிக் கத்தியால் அறுத்து எடுத்தேன். மறுநாள் மாவட்ட மருத்துவமனையில் வலதுகாலில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி மோத்யா நேற்று வந்து, நான் அன்று அவனுக்குப் போர்த்திவிட்ட சால்வையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

பழி முழுவதும் கெஷா தலையில். அக்கரையில் இருக்கும் பனிச்சாலைப் பொறுப்பாளர் அவன்தானே. தடுப்புக் கம்பத்தைத் தூக்குவதற்கு முன் சாலை முழுவதையும் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது விதி. மார்ச் 11 அன்று விசாரணை. வேலை போகும் என்கிறார்கள். ஒருவனுடைய கால் போயிருப்பதால் வழக்கும் வரும், உள்ளே போடுவார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. நம் பக்கத்து வளைவை மட்டும் அவன் மூன்று வருடமாக என் படத்தை வைத்துத்தான் பார்க்கிறான் என்பது எனக்கும் அவனுக்கும் உனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

21ஆம் தேதியும் வழக்கம்போல் பத்து மணிக்குப் படம் போனது.

என் தோழி அக்குலீனா வேறு மாதிரி சொல்கிறாள். ஆற்றைப் பெயர் சொல்லாமல் பெரியவள் என்றே சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள். தபால் நிலையத்தில் பத்துப் பேர் நடுவே கேட்டாள்: "ஏண்டி அஞ்சாங்கிளாஸு, தினம் காலையில ஒருத்தி வந்து உன் மூஞ்சிக்கு நேரா பொட்டியைத் தூக்கிக் காட்டுனா நீ சும்மா இருப்பியா? பெரியவளுக்கும் வெக்கம் மானம் இருக்கும்ல. ஒன்பது வருஷம் பொறுத்தா, போதும்னு ஒரு லாரியைக் கடிச்சுட்டா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. தேநீர் வைத்தால் பொங்கி வழிகிறது. பால் கறக்க உட்கார்ந்துவிட்டு, எந்த மாட்டிடம் கறந்தேன், எதனிடம் கறக்கவில்லை என்று மறந்துபோகிறேன்.

படங்களை வரிசைப்படுத்தும் வேலையை உனக்குத்தானே கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக வந்து சேர்கின்றனவா? அடுத்த முறை பேசும்போது சொல்.

கால் நனையாமல் இரு, கண்ணு.

உன் பாட்டி,
வர்வாரா


பிப்ரவரி 13

என் குன்னேய்க்கு,

குளிரைச் சுமந்து வரும் குளிர்க்காளையின் இரண்டாம் கொம்பு நேற்று விழுந்து குளிர் தணிந்திருக்க வேண்டும், நாள் கணக்குப்படி. விழவில்லை. இன்றும் ஐம்பத்தொன்று. காலையில் அக்கரை விளக்குகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஒளித்தூண் நின்றது. எண்ணிப் பார்த்தால் பதினேழு. படம் அனுப்பினேன், பார்த்திருப்பாய். ஆற்றுப் படத்தையும் பார்த்திருப்பாய். இப்போதெல்லாம் எந்த ஆற்றுப் படத்தை எடுத்தாலும் நடுவில் லாரி இருக்கிறது.

அதைச் சுற்றிலும் தண்ணீர் உறைந்து ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கெஷா தினமும் வந்து கொத்துகிறான். கொத்தினால் ஒரே நாளில் தீராது என்று உனக்குத் தெரியும். ஒரு சாண் கொத்திவிட்டு விடவேண்டும், இரவு அதற்குக் கீழே உறையும், மறுநாள் இன்னொரு சாண். அவசரப்பட்டு ஆழமாகக் கொத்தினால் தண்ணீர் பீறிட்டு, செய்ததெல்லாம் வீண். இருபது நாளாகக் கொத்துகிறான். இன்னும் அச்சுவரைக்கும் வரவில்லை. நான் பத்து மணிக்கு முளையருகே போய் நின்றால் கடப்பாரையைத் தூக்கிக் காட்டுவான். நானும் கையைத் தூக்குவேன்.

போன வாரம் தேநீர் குடிக்க வந்தான். கோப்பையைத் தொடாமல் கைபேசியை என் முன்னால் வைத்தான். "அத்தை, இந்தப் படத்தை நூறு தடவை பாத்துட்டேன். பெருசு பண்ணிப் பாத்தேன், என் பொண்டாட்டிகிட்டக் குடுத்துப் பாக்கச் சொன்னேன். கறையே இல்ல. வெள்ளை வெளேர்னு இருக்கு. என் கண்ணு போச்சு அத்தை. நாப்பத்தாறு வயசுலயே போச்சு. நகரத்துக்குப் போய்க் காட்டலாம்னு இருக்கேன்." பிறகு வானப் படத்தைத் தள்ளிக் காட்டினான். "அன்னிக்கு எங்க கரையில கையை நீட்டுனா கை தெரியாத மூடுபனி. உங்க பக்கம் பாருங்க, நெசச் சூரியனுக்கு ரெண்டு பக்கமும் பனியில தெரியுற போலிச் சூரியன் ஒண்ணொண்ணு, மொத்தம் மூணு சூரியன்! அடப்பாவி, நமக்கு ஒண்ணுகூட இல்லையேன்னு பொறாமைப்பட்டுக்கிட்டேதான் கம்பத்தைத் தூக்குனேன்." போகும்போது வாசலில் நின்று என்னைச் சமாதானப்படுத்தினான். "நீங்க கவலைப்படாதீங்க. உங்க படத்தைப் பத்தி வாய் திறக்கல. நேர்ல போய்ப் பாத்தேன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். கெழவியை எதுக்கு இழுக்கணும்." கிழவி என்றதற்காகக்கூட அவனை நான் எதுவும் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட நிலையில் இருந்தேன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்.

ஒன்பதாம் தேதி நீ பேசினாய். மணியக்காரர் வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்க, நான் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்னால் நீ கேட்டாய்: "பாட்டி, இருபத்தொண்ணாம் தேதி ஆத்துப் படத்துல இடது ஓரத்துல மொய்துருக் வால் தெரியுதே?"

சுற்றி நின்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பிறகு நீ வேகமாகச் சொன்னாய்: "நான் அதுக்கு நேரா 'படம் தெளிவில்லை'ன்னு போட்டுட்டேன். யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. நீ உன் கைபேசியில இருந்து அழிச்சிடு. யார்கிட்டயும் எதுவும் சொல்லாத பாட்டி, கேக்குதா?" மணி அடித்துவிட்டது. என்ன சொன்னாள் பேத்தி என்று எல்லோரும் கேட்டார்கள். காலுறை பிடித்திருக்கிறதாம் என்றேன்.

நம் நாய் மொய்துருக் அக்டோபரில் செத்தான், ஆறு உறைவதற்கு எட்டு நாள் முன்பு. உனக்கு எழுதியிருந்தேன். எட்டு வருடம் நான் எடுத்த எந்தப் படத்திலும் அவனுடைய மூக்கோ காதோ வாலோ ஓர் ஓரத்தில் இருக்கும். அதனால்தான் கெஷா நூறு தடவை பார்த்தும் அவனைப் பார்க்கவில்லை. முளை இருக்கிற மாதிரி அவனும் இருந்தான். என் கண்ணுக்கும் அன்று படவில்லை என்று சொன்னால் நம்புவாயா? படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசி மூலையில் இருந்த மணிதான்.

நடந்தது இதுதான். இருபதாம் தேதி மாலை மாட்டுக்கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. மறுநாள் காலை எழுந்து, பிரம்பை ஊன்றிக்கொண்டு படலை வரைக்கும் போனேன். மூடுபனி. வேலி தெரியவில்லை. முளைவரைக்கும் இருநூற்று நாற்பது அடி. நாற்பதாவது அடியில் கால் மடங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி பத்துக்குப் பத்து நிமிடம்.

அப்போதுகூட ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம், இன்று போகவில்லை, கெஷா நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று. அவன் வந்து பார்த்திருப்பான். கறையைப் பார்த்திருந்தால் கம்பத்தைத் தூக்கியிருக்கவே மாட்டான். யெகோர் அக்கரையில் உட்கார்ந்து சீட்டாடியிருப்பான், பத்து விரலோடு.

ஏன் எழுதவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வானிலை அலுவலகப் பெண் இலையுதிர்காலத்தில் சொன்னாள்: "ஆத்தங்கரை ஊர் அத்தனையிலும் ஒரு நாள்கூட விடாத ஒரே ஆள் நீங்கதான் அம்மா. பத்தாவது குளிர்காலம் முடியட்டும், மேடை போட்டுச் சான்றிதழ் தர்றோம்." உனக்கு இது சின்ன விஷயம். பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாம் வகுப்புப் பாதியில் நிறுத்தி, கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். ஆசிரியர் பதிவேட்டில் என் பெயரை வாசிப்பதை ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வாரம் கேட்டேன். வர்வாரா? வரவில்லை. வர்வாரா? வரவில்லை. அடுத்த வாரம் பெயரையே அடித்துவிட்டார்கள். ஒன்பது குளிர்காலமாகத் தினமும் பத்து மணிக்கு யாரோ என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் வந்தேன் என்று சொல்கிறேன். அப்படித்தான் எனக்கு இருந்தது.

அதனால் போன வருடத்து ஜனவரி 21ஐத் தேடி எடுத்தேன். மூன்று சூரியன், தூசி இல்லாத வெள்ளை ஆறு. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறோம் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அனுப்பிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது.

நீ அழிக்கச் சொன்னதை நான் அழிக்கவில்லை. அழிக்க விரல் போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. எதுவும் தீர்மானிக்கவும் முடியவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், அடுப்புக்கு வருகிறேன், மறுபடி ஜன்னலுக்குப் போகிறேன். விறகை இரண்டு பங்கு எரிக்கிறேன். விசாரணைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அவன் கடப்பாரைச் சத்தம் இங்கே உட்கார்ந்தால் கேட்கிறது. நின்றால் ஏன் நின்றது என்று இருக்கிறது.

உன்னைத் திட்டவும் எனக்கு வாயில்லை. நீ செய்தது யாருக்காக என்று தெரியாதா எனக்கு.

கால் நனையாமல் இரு.

பாட்டி


மார்ச் 1

என் கண்ணான குன்னேய்க்கு,

நேற்று முதல்முறையாகப் பகலில் உறைகுளிர் முப்பதுக்குக் கீழே குறைந்தது. கூரை நுனியில் ஒரே ஒரு துளி தொங்கியது, விழவில்லை. வானம் வெளிறிய நீலம். ஆற்றில் லாரி இல்லை. வியாழக்கிழமை டிராக்டர் கட்டி இழுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம் இருக்கிறது. படத்தில் பார்.

நான் கெஷாவிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19 அன்று பத்து மணிக்குப் படம் எடுத்த பிறகு முளையில் இருந்து திரும்பி வராமல், பிரம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி அவனிடமே போனேன். பயந்துபோனான். "எங்க வர்றீங்க அத்தை, வழுக்கும்!" என்று கத்தினான். போய் அக்குளில் இருந்து கைபேசியை எடுத்து, இடது ஓரத்தைப் பெரிதாக்கி அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். "பாரு கெஷா, என்ன தெரியுது?" என்றேன். "மொய்துருக் வாலு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். கைபேசி செத்துப்போன பிறகும் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை: "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, முழங்கால் விட்டிருந்தால். அவன் கத்தவில்லை. கடப்பாரையை என் கையில் கொடுத்தான். "நான் போய்த் தேநீர் குடிச்சுட்டு வர்றேன். நீங்க கொத்துங்க." சொல்லிவிட்டு என் வீட்டுப் பக்கம் நடந்தான். என் வீட்டில், என் அடுப்பில், தானே ஊற்றிக் குடித்திருக்கிறான். நான் கொத்தினேன். எழுபத்துநான்கு வயதில் ஒரு மணி நேரம் கொத்தினேன். மோத்யா கரையில் இருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து கடப்பாரையைப் பிடுங்கினாள். "பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றாள். அவளிடமும் சொன்னேன். கடப்பாரையைக் கீழே போட்டாள், என்னைத் தாங்கிப் பிடித்துக் கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது சரிதான். யெகோர் மட்டும் ஆள் அனுப்பிக் கேட்டானாம், நான் அறுத்த காலணிக்குப் பதிலாகப் புதிதாக ஒரு ஜோடி தைத்துத் தருவேனா, வலதுகாலுக்குச் சின்னதாக இருந்தால் போதும் என்று. கேலியா கோபமா தெரியவில்லை. தைக்கத் தொடங்கிவிட்டேன்.

கெஷா ஆறு நாள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் முளையருகே நின்றாலும் கடப்பாரையைத் தூக்கிக் காட்டவில்லை. ஏழாம் நாள் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு பேசினான். "யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னா, நான் நேர்ல போகலைங்கறதும் வெளிய வரும்." ஆமாம் என்றேன். "நேர்ல பாத்தேன்னு நான் எழுதிக் குடுத்ததும் பொய்யின்னு ஆகும்." ஆமாம் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சரி. உங்க பொய் ஒண்ணு, என் பொய் ஒண்ணு. ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்திக்கிட்டுப் போவோம். பதினொண்ணாம் தேதி காலையில ஏழு மணிக்குத் தயாரா இருங்க. வண்டியில சுருட்டுப் பிடிப்பேன், முகத்தைச் சுளிக்கக் கூடாது." அவன் வேலை தப்புமா என்று தெரியவில்லை. ஆனால் பார்த்தும் பார்க்காமல் விட்டவன் என்ற பேர் இல்லாமல் போகும். வேலை போனாலும், நம்பக்கூடாதவளை நம்பினான் என்ற பேரோடு போகும். அது வேறு அல்லவா?

வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அக்குலீனாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எட்டாவது வரை படித்தவள் என்று உனக்குத் தெரியும், அவளும் அதை யாரையும் மறக்க விட்டதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பிழை திருத்தினாள். முடித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "பெரியவ மேல பழியைப் போட்டுட்டேனே. நாளைக்கு அவளுக்கு ரெண்டு அப்பம் கொண்டுபோய்ப் போடணும்." என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியவளிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! இன்று காலை உண்மையாகவே கொண்டுபோய் அந்தச் சதுரப் பள்ளத்தில் போட்டாள். இன்றைய படத்தில் பள்ளத்து ஓரத்தில் தெரிகிற நீலத் தலைத்துணி அவளுடையதுதான்.

சான்றிதழ் வராது. வரவேண்டாம். தினமும் பத்து மணிக்கு நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், இனியும் போவேன், பாளம் உடைந்து ஓடுகிற நாள் வரைக்கும். படத்தை நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

இப்போது உனக்கு வருகிறேன்.

கெஷாவின் வண்டியில் இரண்டு பொய் போகின்றன. மூன்றாவது உன்னிடம் இருக்கிறது. நீ பட்டியலில் எழுதிய அந்த இரண்டு சொல். ஹெலிகாப்டர் நாளை கிளம்புகிறது, ஐந்தாம் தேதிக்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும், விசாரணைக்கு ஆறு நாள் முன்பு. உன் மேலதிகாரி கோபப்படுவார். உன் கோப்பில் ஒரு வரி எழுதினாலும் எழுதுவார். நீ எத்தனை வருடம் படித்து அங்கே போனாய் என்று எனக்குத் தெரியும். விடுதிக்கு உனக்காக உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து வந்தவள் நான். அதனால்தான் கேட்கிறேன். அங்கே உட்கார்ந்து நீ எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் பார்த்துத்தான் எங்கேயோ ஒருவன் கம்பத்தைத் தூக்குகிறான்.

படம் தெளிவில்லை என்பதை அடித்துவிடு. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. வாலின் வெள்ளை நுனிவரைக்கும் தெரிகிறது. ஒன்பது குளிர்காலத்தில் நான் எடுத்த படங்களில் அதைவிடத் தெளிவானது இல்லை, ஒரு வருடம் பழையது, அவ்வளவுதான். அதை அதற்குரிய வருடத்தில் கொண்டுபோய் வை. இந்த வருடத்து இருபத்தொன்றுக்கு நேரே, வர்வாரா, வரவில்லை என்று எழுது. உன் கையெழுத்தில் எழுது. வேறு யாரும் எழுதினால் எனக்குப் பிடிக்காது.

இன்னும் இரண்டு மாதத்தில் இங்கே பாளம் உடையும். குளிர்க்காளையின் உடல் பாளம் பாளமாக மிதந்து உன் பக்கம்தான் வரும். அந்தச் சதுரப் பள்ளமும் அதில் எங்கேயாவது இருக்கும். மூன்று வாரம் கழித்து உன் கழிமுகத்தைத் தாண்டும்போது ஒரு படம் எடு. எந்தத் தேதியில் எடுத்தாயோ அந்தத் தேதியைப் போட்டு எனக்கு அனுப்பு.

காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள். வெண்பனி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கோலால் குத்திப் பார்த்துவிட்டே அடியெடுத்து வை.

கால் நனையாமல் இரு, கண்ணு. நீயாவது.

உன் பாட்டி,
வர்வாரா